கடன் கொடுத்தவருக்கு ஒரு சொம்புத் தண்ணீர்

வேண்டா என் ஓரகத்தி. என் வீட்டுக்காரரின் அண்ணன் முத்துசாமியைக் கட்டிக்கொண்டு செய்யூர்ப் பக்கத்திலிருந்து எங்கள் மேட்டுச்சேரிக்கு வந்தவள். அவள் அம்மாவுக்கு வரிசையாகப் பெண்ணாகவே பிறந்ததால், இனிமேல் பெண் வேண்டாம் என்று சாமியிடம் சொல்வதற்காக வைத்த பெயர் அது. பெயரைக் கேட்டு யாராவது சிரித்தால், "எங்கம்மா வேணாம்னுதான் சொல்லிச்சி. நான்தான் கேக்காம வந்துட்டேன்" என்பாள். பதிலுக்கு நாம் சிரிப்பதற்குள் நம் இடுப்புக் குடத்தை வாங்கித் தன் இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்துவிடுவாள். அவள் அப்படித்தான். கொடுக்கிற கை.

மேட்டுச்சேரி சதுரங்கப்பட்டினத்துக்குத் தெற்கே, கடலுக்கும் உப்பங்கழிக்கும் நடுவில், ஒரு மணல் மேட்டின்மேல் இருந்தது. ஊர்க்காரர்கள் நிலத்தில் வேர்க்கடலை பிடுங்குவதும் நாற்று நடுவதும்தான் எங்களுக்கு வேலை. ஊர்க் கிணற்றில் நாங்கள் கயிறு விடக் கூடாது. அதனால் எங்கள் மாமனார் காலத்து ஆட்கள் மேட்டு மணலைத் தோண்டி, சுட்ட மண் உறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கி, சேரிக்கென்று ஒரு கிணறு எடுத்திருந்தார்கள். அந்தத் தண்ணீரை இளநீர் மாதிரி என்று சொல்வார்கள். நான் சொல்ல மாட்டேன். இளநீரில் லேசாக ஒரு உப்பு உண்டு. இதில் அது கூடக் கிடையாது. குடித்தால் வாய் குளிர்ந்துபோய் இன்னும் கொஞ்சம் கேட்கும்.

வேண்டாவுக்கு அந்தக் கிணற்றின்மேல் ஒரு பைத்தியம். அவள் பிறந்த ஊரில் தண்ணீருக்கு அலைந்தவள். கல்யாணமான புதிதில், எல்லாரும் குடத்தை நிரப்பிக்கொண்டு போன பிறகும் அவள் மட்டும் உறைமேல் கையை வைத்துக்கொண்டு உள்ளே பார்த்தபடி நிற்பாள். ஒரே ஒரு குறை அவளுக்கு. அந்த வழியாக வெயிலில் போகிற ஊர்க்காரர்கள், எவ்வளவு தாகமாக இருந்தாலும், எங்கள் கையால் வாங்கிக் குடிக்க மாட்டார்கள். பனை நிழலில் நின்று எச்சிலை விழுங்கிக்கொண்டு போவார்கள்.

"இன்னா தண்ணி பாரு காசி. வர்றவன் போறவனுக்குக் குடுக்க முடியலியே. நம்மளே மாத்தி மாத்திக் குடிச்சிகினு கீறோம்" என்பாள் என்னிடம்.

அவள் அம்மா வீட்டிலிருந்து கொண்டுவந்த பித்தளைச் சொம்பு ஒன்று இருந்தது. புளி போட்டுத் தேய்த்து வைத்திருப்பாள். வராத விருந்தாளிக்கு எதற்கடி இந்தப் பளபளப்பு என்று முத்துசாமி மாமா கேலி செய்வார்.

சுதந்திரம் வந்து சில வருஷங்கள் கழித்து, மேட்டில் கவர்மெண்டு பண்ணை வரப்போகிறது என்றார்கள். டிராக்டர் வைத்து உழுது, புது மாதிரி விதையெல்லாம் போட்டு, நாட்டுக்கே சோறு போடப்போகிற பண்ணையாம். டிராக்டர் வாங்கக் கவர்மெண்டிடம் பணம் இல்லை. வெளிநாட்டில் ஒரு பேங்க், நாடுகளுக்கே கடன் கொடுக்கிற பேங்க், அது கொடுக்கிறதாம். எங்கள் வீடுகள் இருந்த இடம் புறம்போக்கு என்று காகிதத்தில் இருந்தது. அதனால் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. உப்பங்கழி ஓரமாக இடம் அளந்து கொடுத்து, அங்கே போய்க் குடிசை போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். நாங்கள் மூங்கிலையும் ஓலையையும் தலையில் சுமந்துகொண்டு இறங்கினோம். எங்கள் முதுகுக்குப் பின்னாலேயே முள்ளுக்கம்பி இழுத்து வேலி போட்டார்கள். கிணறு வேலிக்கு உள்ளே போய்விட்டது.

அதை முதலில் யாரும் பெரிதாக நினைக்கவில்லை. புது இடத்திலும் ஒரு கிணறு வெட்டித் தந்திருந்தார்கள். சிமெண்டு பூசி, உருளை வைத்து, பார்க்க லட்சணமாக இருந்தது. பண்ணை ஆபீசர் வெங்கடராகவன் வந்து எட்டிப் பார்த்தார். செங்கல்பட்டுக்காரர், கோயில் சேவை செய்கிற குடும்பம், மரியாதையாகப் பேசுகிற மனிதர். "ஜலம் நிறைய ஊறியிருக்கே. இனி உங்களுக்குக் குறையில்லை" என்று சந்தோஷமாகச் சொல்லிவிட்டுப் போனார். எங்கள் வாளியிலிருந்து வாங்கி ஒரு வாய் குடித்துப் பார்க்க அவருக்குத் தோன்றவில்லை. எப்படித் தோன்றும்?

தண்ணீர் உப்பு. கடல் மாதிரி இல்லை, ஆனால் குடித்தபின் தாகம் கூடுகிற உப்பு. பருப்பு வேகாது. கூழ் காய்ச்சினால் உப்புப் போட வேண்டியதில்லை என்று முதல் வாரம் சிரித்தோம். பிறகு பிள்ளைகளுக்கு வயிறு போனது. எல்லம்மாள் என்று ஒரு பெண். அவள் கைப்பிள்ளை அந்தக் கோடையில் போய்விட்டது. தண்ணீரால்தான் என்று யார் சாட்சி சொல்வது? நாங்கள் சொன்னோம். அது யார் காதிலும் ஏறவில்லை.

வேண்டா சாயங்காலம் வேலி ஓரமாகப் போய் நிற்க ஆரம்பித்தாள். உள்ளே பண்ணை ஆட்கள் எங்கள் கிணற்றில் தண்ணீர் இறைத்து டிராக்டரைக் கழுவுவார்கள். சக்கரத்துச் சேற்றோடு அந்தத் தண்ணீர் மணலில் ஓடும். அதைப் பார்த்துக்கொண்டே நிற்பாள்.

மேட்டுக் கிணற்றுக்கு வழி விடச் சொல்லி ஆபீசரிடம் கேட்டுக் கேட்டுச் சலித்த பிறகு, கடன் கொடுத்த பேங்க்காரரே பண்ணையைப் பார்க்க வரப்போகிறார் என்ற சேதி வந்தது. கொண்டுவந்தவர் தேவசகாயம் அண்ணன். மிஷன் பள்ளியில் படித்தவர், எங்கள் சேரியில் ஜெபக் கொட்டகை நடத்துகிறவர்.

"ஆபீசருக்கு மேல கவர்மெண்டு. கவர்மெண்டுக்கு மேல கடன் குடுத்தவரு. அவரு ஒரு வார்த்தை, ஏம்பா இவங்களை இப்டிப் பண்ணேன்னு கேட்டா, இவங்க பதில் சொல்லித்தான் ஆவணும்" என்றார்.

முத்துசாமி மாமா பீடியைக் கீழே போட்டு மிதித்தார். "கடன் குடுத்தவன், வாங்கனவன் வூட்ல எவ அழுவுறான்னா பாப்பான்? வட்டி வருதான்னு பாப்பான்."

"இது அந்த மாதிரி வட்டிக் கடை இல்ல மாமா. ஜனங்க நல்லா இருக்கணும்னுதான் குடுக்கறோம்னு அவங்களே சொல்லிக்கறாங்க."

"சொல்லிக்கட்டும். காதுல இன்பமா கீது."

ஆனாலும் எல்லாரும் கூடிப் பேசி ஒரு முடிவுக்கு வந்தோம். எடுத்துச் சொன்னது தேவசகாயம் அண்ணன்தான்: வாயால் எதுவும் சொல்ல வேண்டாம். நாம் தமிழில் சொன்னால் ஆபீசர் இங்கிலீஷில் என்ன சொல்வாரோ தெரியாது. வருகிறவருக்குப் புதுக் கிணற்றிலிருந்து ஒரு சொம்புத் தண்ணீர் கொடுப்போம். வார்த்தை மாறினாலும் தண்ணீர் மாறாது. சேரியில் நல்ல சொம்பு வேண்டாவிடம்தான் இருந்தது. அவளே கொடுக்கட்டும் என்று விட்டோம். அவளும் தலையை ஆட்டினாள்.

அந்தக் காலையில் வாசலெல்லாம் பெருக்கித் தண்ணீர் தெளித்தோம். வேண்டாவைக் காணோம். வெயில் ஏறுகிற நேரத்தில் வேலிப் பக்கத்திலிருந்து வந்தாள். முந்தானை நீளத்துக்குக் கிழிந்திருந்தது. முழங்கையில் முள்ளுக்கம்பி கீறிய ரத்தம். கையில் சொம்பு, மேலே வாழையிலைத் துண்டு. எங்கே போய் வந்தாள் என்று எனக்குப் புரிந்துவிட்டது. அவள் பக்கம் நான் ஓடுவதற்குள் ஜீப் வந்து நின்றுவிட்டது.

ஆபீசரோடு இறங்கிய பேங்க்காரர் நல்ல உயரம், முகமெல்லாம் வெயிலில் சிவந்து உரிந்திருந்தது. வயதானவர். கயிற்றுக் கட்டிலில் உட்காரச் சொன்னதும் உட்கார்ந்தார். வேண்டா சொம்பை நீட்டினாள். அவர் இரண்டு கையாலும் வாங்கி, ஆபீசர் முகத்தைக் கூடப் பார்க்காமல், கடகடவென்று குடித்தார். நிறுத்தி மூச்சு விட்டார். மறுபடி குடித்தார். காலிச் சொம்பைக் கவிழ்த்துக் காட்டிச் சிரித்தார்.

வெங்கடராகவன் மொழிபெயர்த்தார். "இந்தப் பக்கம் வந்ததிலேர்ந்து இப்படி ஒரு நல்ல ஜலம் குடிக்கலேன்னு துரை சொல்றார்." சொல்லும்போது அவர் முகத்தில் பெரிய சுமையை இறக்கி வைத்த மாதிரி ஒரு நிம்மதி.

சேரி ஆட்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வேண்டா முகத்தை மட்டும் நான் பார்த்தேன். கல்யாணத்தன்று கூட அந்த முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம் இருந்ததில்லை.

ஜீப் போனதும் முத்துசாமி மாமா வெடித்தார். "உன் புத்தி எங்கடி போச்சி? சேரி மொத்தமும் உன் கையில குடுத்தோம்."

"வந்தவருக்கு எப்டிய்யா உப்புத் தண்ணி குடுக்கறது?"

"குடுக்கணும்னுதானே பேசினோம்."

"பேசறப்போ அவரு வர்ல. இன்னிக்கு வந்து கையை நீட்டுவாரேன்னு நெனச்சதும் மனசு கேக்கல. எத்தினி வருஷமா நம்ம தண்ணியைத் தொட ஆள் இல்ல? மொத மொத ஒருத்தரு வாங்கிக் குடிக்கறாரு. அவருக்குப் போயி வாய் கரிக்கறதைக் குடுக்கச் சொல்றியா?"

தேவசகாயம் அண்ணன் மெதுவாகச் சொன்னார். "ஜீப்ல ஏறறப்போ ஆபீசரு சொன்னாரும்மா. தண்ணி நல்லா கீதுன்னு தொரையே சொல்லிட்டாரு, இனிமே வேலியைப் பத்தி யாரும் வாயைத் தொறக்காதீங்கன்னு."

வேண்டாவுக்கு அப்போதுதான் உறைத்தது. எல்லம்மாள் எழுந்து தன் குடிசைக்குள் போனாள். திட்டியிருந்தால் கூட வேண்டா தாங்கியிருப்பாள். புதுக் கிணற்றுக்குப் போய் ஒரு சொம்பு மொண்டு, முகத்தைச் சுளிக்காமல் முழுவதையும் குடித்தாள். இன்னொரு சொம்பு மொண்டு இலையால் மூடினாள்.

"காசி, கெளம்பு. அவரு மாபலிபுரம் பங்களாவுலதான் தங்கியிருக்காராம். கல்லுங்களைப் பாத்துட்டுத்தான் போவாராம்."

கடற்கரையோடு வடக்கே நடந்தோம். வெயில், கொதிக்கிற மணல். என் கையில் தரச் சொன்னால் தரவில்லை. தளும்பாமல் தானே சுமந்தாள். "சிந்தினா கடல்ல மொண்டுக்கலாம் அக்கா, ருசி ஒண்ணுதான்" என்றேன். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. வழியெல்லாம் ஒரே பேச்சு. விருந்தாளிக்கு உப்புத் தண்ணீர் கொடுக்கப் போகிறேனே, எங்கம்மா பார்த்தால் என்ன சொல்லும் என்று.

பங்களாச் சமையல்காரர் ஏசுதாஸ் எங்கள் பக்கத்து ஆள். பின்கட்டில் மீன் கழுவிக்கொண்டிருந்தவர் எங்களைப் பார்த்து, "இன்னாம்மா, தண்ணி விக்க வந்தீங்களா? இங்க தொரைங்க சோடாதான் குடிப்பாங்க" என்றார்.

"கொஞ்சம் வாயில வுட்டுப் பாரு."

உள்ளங்கையில் வாங்கிக் குடித்துத் துப்பினார். "தூ. கடலை மொண்டுகினு வந்தியா?"

"கெணத்துல மொண்டேன். இதான் எங்க குடிதண்ணி. காலைல நான் குடுத்தது வேலிக்கு உள்ளாற இருக்கறது. தொரை கிட்ட இதை மாத்தாம சொல்லுவியா அண்ணாத்த?"

ஏசுதாஸ் கையைத் துடைத்துக்கொண்டார். "மாத்திச் சொல்ற அளவுக்கு எனக்கு எங்க இங்கிலீசு கீது? கோழி, முட்டை, சுடுதண்ணி, இவ்ளோதான். வா, தெரிஞ்சதைச் சொல்றேன்."

தாழ்வாரத்தில் துரை நாற்காலியில் சாய்ந்திருந்தார். பக்கத்தில் வெங்கடராகவன். வேண்டாவைப் பார்த்ததும் துரை முகம் மலர்ந்தது. காலையில் குடித்த ஆசை. அவராகவே கையை நீட்டினார். வேண்டா கொடுத்தாள். இலை கீழே விழுந்தது.

ஒரு வாய் குடித்தவர் நின்றுவிட்டார். துப்பவில்லை. விழுங்கினார். சொம்புக்குள் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார்.

ஏசுதாஸ் கையையும் காலையும் ஆட்டித் தனக்குத் தெரிந்ததைச் சொன்னார். துரை ஆபீசரிடம் திரும்பி ஏதோ கேட்டார். ஆபீசர் பதில் சொன்னார். இருவரும் கொஞ்ச நேரம் பேசினார்கள். வேண்டாவுக்குப் பொறுக்கவில்லை.

"சாமி, வேலி யாரு போட்டது? அதை மட்டும் சொல்லுங்க."

"நானா போட்டேன்?" என்றார் வெங்கடராகவன். கோபமில்லை, களைப்புதான். "கடன்ல வாங்கின மெஷினுக்குப் பாதுகாப்பு வேணும், நிலத்தைச் சுத்தி வேலி இருக்கணும்னு பேங்க்லதான் கண்டிஷன் போட்டிருக்கா. மீறினா என் வேலை போயிடும்மா."

துரை சொன்னதை ஏசுதாஸ் யோசித்து யோசித்துச் சொன்னார். "வேலி கேட்டது நாங்கதான்றாரு. ஆனா ஜனங்களை வெளிய அனுப்பச் சொல்லலியாம். யாரை எங்க வெக்கறதுன்றது உங்க கவர்மெண்டு சமாசாரமாம். அதுல அவங்க தலையிடக் கூடாதாம்."

வேண்டா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அப்போ யாரும் அனுப்பல. நாங்களே எழுந்து போயி உப்புல உக்காந்துகினோம். அப்டித்தானே அண்ணாத்த? இதையும் சொல்லு."

ஏசுதாஸ் சொன்னாரா, எப்படிச் சொன்னார், எனக்குத் தெரியாது. துரை தலையைக் குனிந்துகொண்டார். வேண்டா அவர் கையிலிருந்த சொம்பைக் காட்டி ஆபீசரிடம் சொன்னாள்.

"நீங்களும் ஒரு வாய் குடிச்சிப் பாருங்க சாமி."

வெங்கடராகவன் சொம்பைப் பார்த்தார். அவர் கை நாற்காலிப் பிடியை விட்டுக் கொஞ்சம் எழுந்தது. பிறகு மறுபடி பிடிமேலேயே உட்கார்ந்துவிட்டது. "எனக்குத் தெரியும்மா" என்றார்.

"குடிக்காம எப்டி சாமி தெரியும்?"

அவர் கடலைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார். எனக்கு அவர்மேல் கோபம் உண்டு, இப்போதும் உண்டு. ஆனால் அந்தக் கை எழுந்ததையும் பார்த்தேன், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

துரை மிச்சத் தண்ணீரையும் குடித்தார். ஒரு சொட்டு விடாமல் குடித்துவிட்டு, எழுந்து நின்று, சொம்பை இரண்டு கையாலும் கொடுத்தார். ஊருக்குப் போய் எங்கள் விஷயத்தைப் பேசுவதாகவும், அடுத்த முறை வரும்போது மேட்டுக் கிணற்றுத் தண்ணீரை எங்கள் கையால் வாங்கிக் குடிப்பதாகவும் சொன்னார் என்று ஏசுதாஸ் சொன்னார். வேண்டா கும்பிட்டாள்.

அவர் வார்த்தையை அவள் அப்படியே நம்பினாள். திரும்பி வரும் வழியில், வேலியில் எந்த இடத்தில் கதவு வைத்தால் எல்லாருக்கும் வசதி என்று யோசனை சொல்லிக்கொண்டே வந்தாள்.

மழைக்காலம் வந்தது. பனியும் வந்து போனது. கடலைச் செடி மேட்டில் பச்சையாகத்தான் வந்தது; பண்ணை நல்ல பண்ணைதான், அதை யார் இல்லையென்றது? வேலி அப்படியே இருந்தது. வேண்டா கிழிந்த முந்தானையோடு இன்னொரு முறை உள்ளே போகப் பார்த்தாள். காவல்காரர் பிடித்துக்கொண்டு வந்து விட்டார். வெங்கடராகவனுக்கு மாற்றல் ஆனது. புதிதாக வந்தவர், "எந்தத் துரை? என்ன சொன்னார்?" என்று கேட்டார். செங்கல்பட்டுக்குப் போய் சப் கலெக்டர் ஆபீஸ் வாசலில் நின்றோம். கடன் கொடுத்தவர்கள் சம்மதிக்காமல் வேலியில் கை வைக்க முடியாது என்றார்கள். கடன் கொடுத்தவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று வேண்டா கேட்டாள். ஒரு குமாஸ்தா கடல் பக்கமாகக் கையைக் காட்டினார்.

ஊர்க்காரன் கொடுமை செய்தால் எங்களுக்கு ஆளைத் தெரியும். அவன் வீட்டு வாசலில் நின்று மண்ணை வாரித் தூற்றலாம். இதில் யார் வாசலுக்குப் போவது? அந்த வருஷங்களில் வேண்டாவை உள்ளுக்குள் தின்றது அதுதான் என்று நான் நினைக்கிறேன். தண்ணீர் ஆசை ஒரு பக்கம். சொன்ன சொல் என்ன ஆச்சு என்று கேட்க ஒரு முகம் வேண்டுமே என்கிற ஏக்கம் அதைவிடப் பெரிதாகிவிட்டது. சாப்பிடும்போது கை நின்றுவிடும். "அவரு செத்து கித்துப் போயிருப்பாரா காசி? வயசானவரு" என்பாள். "அவங்க ஊர்ல பேசியிருப்பாரு. பேசறவங்க பேசிகினே இருப்பாங்க, நாளாவும்" என்று அவளே பதிலும் சொல்லிக்கொள்வாள்.

கடலைக் கொல்லையில் வேலை இல்லாத நாட்களில் மாபலிபுரத்துக்குப் போக ஆரம்பித்தாள். வெள்ளைக்காரர்கள் கார் போட்டுக்கொண்டு கல் ரதங்களைப் பார்க்க வருகிற இடம் அது. எப்படியும் ஒரு நாள் அவர் வருவார், இல்லாவிட்டால் அவர் பேங்க்கைச் சேர்ந்த யாராவது வருவார்கள் என்பது அவள் கணக்கு. ரதங்களுக்குப் பக்கத்தில் மணலில் உட்கார்ந்து, மடியில் சொம்பு, சொம்பில் எங்கள் புதுக் கிணற்றுத் தண்ணீர். கார் நின்றால் எழுந்து போய், "நீங்க அந்தக் கடன் குடுத்த பேங்க்குங்களா?" என்று கேட்பாள். அவர்கள் சிரிப்பார்கள், படம் எடுப்பார்கள், சில பேர் காசு நீட்டுவார்கள். காசை வாங்க மாட்டாள். பைத்தியம் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். அதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கேட்க வேண்டிய கேள்வியைத்தான் அவள் கேட்டாள். கேட்க வேண்டிய ஆள் வரவில்லை, அவ்வளவுதான்.

ஒரு பங்குனி வெயிலில் நானும் கூடப் போயிருந்தேன். காரிலிருந்து ஒரு வெள்ளைக்கார அம்மாள் இறங்கினாள். ஏசுதாஸ் சாப்பாட்டுக் கூடையோடு பின்னால் வந்தார். அந்த அம்மாள் ரதங்களைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, முகம் செக்கச்செவேலென்று ஆகி, நிழலுக்கு எங்களிடம் வந்தாள். வேண்டா எழுந்தாள்.

"கேளு அண்ணாத்த, இவங்க பேங்க்கான்னு கேளு."

ஏசுதாஸ் கேட்காமலேயே சொன்னார். "இல்லக்கா. இவங்க டீச்சரம்மா. பள்ளிக்கூடத்துப் புள்ளைங்களுக்குக் காட்டறதுக்குப் படம் வரைஞ்சிகினு போவ வந்திருக்காங்க. அந்தத் தொரையோட ஊரு கூட இல்ல, வேற ஊரு."

அதற்குள் அந்த அம்மாள் சொம்பைப் பார்த்துவிட்டாள். தொண்டையைத் தொட்டுக் காட்டி, சிரித்துக்கொண்டே கையை நீட்டினாள்.

வேண்டா சொம்பை மார்போடு அணைத்துக்கொண்டு ஒரு அடி பின்னால் நகர்ந்தாள். "வேணாம் தாயி. இது ஒனக்கு இல்ல." அந்த அம்மாளுக்குப் புரியவில்லை, சிரிப்பு பாதியில் நின்றது. வேண்டாவுக்குப் பொறுக்கவில்லை. "காசி, ஓடு. அண்ணாத்த வூட்டுக்குப் போயி அவரு பொஞ்சாதி மார்கரெட்டு கிட்ட நல்ல தண்ணி ஒரு சொம்பு வாங்கியா. பானைத் தண்ணியா வாங்கியா, சில்லுனு இருக்கட்டும்."

நான் ஓடிப் போய் வாங்கி வந்தேன். அதை வாங்கி வேண்டாவே தன் கையால் கொடுத்தாள். அந்த அம்மாள் அண்ணாந்து குடித்தாள். தொண்டை ஏறி இறங்குவதை வேண்டா கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டு நின்றாள். குடித்து முடித்த அம்மாள் வேண்டாவின் கையைப் பிடித்து ஏதோ சொன்னாள். நல்ல வார்த்தையாகத்தான் இருக்கும். காரில் ஏறும்போது திரும்பிப் பார்த்துக் கையை ஆட்டினாள்.

பொழுது சாய ஆரம்பித்திருந்தது. நடந்தால்தான் இருட்டுவதற்குள் சேரி போய்ச் சேரலாம். "போலாமா அக்கா" என்றேன்.

வேண்டா மறுபடி மணலில் உட்கார்ந்து உப்புத் தண்ணீர்ச் சொம்பை மடியில் வைத்து, அதன்மேல் இலையைச் சரிசெய்தாள். திருக்கழுக்குன்றத்து ரோட்டில் தூசி கிளம்பியிருந்தது.

"நீ முன்னால போ காசி. இன்னொரு காரு வருது."